மஞ்சள் ஆரஞ்சாகும் வரை

கீழ்ப்பாக்கம், ராத்திரி ஷிப்ட்.
தணிகாசலம் வைத்துவிட்டுப் போன பாட்டிலில்
புளியந்தோப்பு, அடிபம்பு, மூன்றாம் சந்து:
பேனா எழுத்து, பாதி மழையில் கரைந்திருந்தது.

இரண்டு சொட்டு மெத்தில் ஆரஞ்சு. மஞ்சள்.
பியூரெட்டைத் திறந்தேன்.
அமிலம் விழுகிற இடத்தில் ஒரு சிவப்புக் கீற்று,
கலக்கினால் காணோம்.
எட்டு மில்லி. மஞ்சள்தான்.
பைகார்பனேட் வாங்கிக்கொண்டே இருக்கிறது,
வீட்டுக்காரம்மா சொல்வதற்கெல்லாம்
சரிங்க, சரிங்க என்று நிற்கும் குடித்தனக்காரர் மாதிரி.

எதுவும் கலக்காத தண்ணீர்கூடச் சும்மா இருப்பதில்லை.
ஐம்பத்தைந்து கோடி மூலக்கூறில் ஒன்று
இந்தக் கணம் உடைந்து கிடக்கும்.
அது சேர்வதற்குள் எங்கோ இன்னொன்று.
எழும்பூரில் இறங்குகிற கூட்டமும்
ஏறுகிற கூட்டமும் சமமென்றால்
பிளாட்பாரத்தில் மாற்றமில்லை என்று எழுதிவிடலாம்.
ஏழு என்று நாங்கள் எழுதுவது
அப்படித்தான்.

பதினொன்று புள்ளி நான்கு.
இன்னும் ஒரு சொட்டு.
கலக்கினேன். ஆரஞ்சு.
மறுபடி கலக்கினேன்.
மஞ்சள் திரும்பவில்லை.
குடித்தனக்காரர் சாவியை
மேசைமேல் வைத்துவிட்டார்.

நோட்டில் குறித்தேன்.
ஜன்னலுக்கு வெளியே
மணலிக் காற்றைக் கழுவி இறங்கும் மழை.
ஐந்தரை இருக்கும்.
அளக்கவில்லை.