சத்தம் போகிற வழி

கடற்காற்றும் ஐஸ் தண்ணியும் மாறி மாறித் தின்றதுபோக
மிச்சமிருந்த சைலன்சரைக்
கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டிக்கொண்டு
மூலக்கொத்தளம் போய்ச் சேர்ந்தேன்.
வழியெல்லாம் ஆட்டோக்காரர்கள்
காதைப் பொத்திக் காட்டினார்கள்.

டில்லிபாபு வண்டிக்கு அடியில் படுத்தபடியே கேட்டான்:
“இன்னாக்கா ஓணும், சவுண்டா, இயுவையா?”

இழுவை.
முப்பது பார் ஐஸ் ஏற்றிக்கொண்டு
பேசின் பிரிட்ஜ் ஏத்தத்தில்
மூன்றிலிருந்து இரண்டுக்கு நான் இறங்குவதற்குள்
பின்னால் வரும் கன்டெய்னர்காரன்
என் கண்ணாடி முழுக்க விளக்கடிக்கிறான்.

ஆனால் சத்தம் கூடாது.
எங்கள் சந்து எட்டடி.
விடிகாலை இரண்டே காலுக்குச் சாவியைத் திருப்பினால்
மணலியில் ஷிப்டு முடித்து ஒரு மணிக்குப் படுத்த தணிகாசலம்
விளக்கைப் போட்டு ஜன்னலில் வந்து நிற்பார்.
ஒன்றும் சொல்லமாட்டார்.
சொல்லித் தொலைத்திருந்தால்
நானும் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பேன்.

மூன்று உருப்படி எடுத்து வைத்தான்.

ஒன்று, வெறும் குழாய்.
“பறக்கும்க்கா. நீ இங்க ஸ்டார்ட் பண்ணா
திருவொத்தியூர்ல புள்ள எழுந்து அழும்.”

இன்னொன்று, உள்ளே தட்டுத் தட்டாகத் தடுப்பு.
தாலுக்கா ஆபீசில் கொடுத்த மனு மாதிரி
அறை அறையாய் அலைந்து
புகை களைத்துப்போய் வெளியே வரும்.
சத்தம் இருக்காது. இழுவையும் இருக்காது.

மூன்றாவது கொஞ்சம் நீளம்.
நடுவில் நேராக ஒரு குழாய், உடம்பெல்லாம் பொத்தல்,
சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு.
“பொக நேரா போய்க்கினே இருக்கும்.
சத்தம் மட்டும் பஞ்சுல பூந்து மாட்டிக்கும்.”
அறுபதில் போகும்போது கேபினுக்குள் எழும்
அந்த ஙொய் கூட வராதபடி
முன்னால் ஒரு சின்ன ரெசனேட்டர்.
கேட்டலிட்டிக்கில் கை வைக்காதே,
எப்.சி.க்குப் போகும்போது மாட்டிக்கொள்வேன் என்றேன்.
“நான் ஏங்கா வெக்கப்போறேன்” என்றான்,
ஏற்கெனவே வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டு.

அதிலேயே இரண்டு விலை.
இரண்டும் ஒரே மாதிரி பளபளத்தன.
டாஷ்போர்டில் ஒட்டியிருந்த மாதா காந்தத்தைப் பிய்த்து
விலை குறைந்ததில் வைத்தேன்.
ஒட்டிக்கொண்டாள்.
மாதா ஒட்டினால் கடல் தின்றுவிடும்.
அடுத்ததில் வைத்தேன்.
நிற்காமல் வழுக்கி
என் உள்ளங்கையில் வந்து விழுந்தாள்.
இது, என்றேன்.
பன்னிரண்டாயிரத்து ஐநூறு சொன்னான்.
பழைய இரும்பைக் கொடுத்துவிட்டு
பதினொன்றில் நிறுத்தினேன்.

மறுநாள் இரண்டே கால்.
சாவியைத் திருப்பினேன்.
யாரோ கம்பளியை இழுத்துப் போர்த்துகிற மாதிரி
ஒரு சத்தம், அவ்வளவுதான்.
தணிகாசலம் ஜன்னல் இருட்டாகவே இருந்தது.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஏன் என்று தெரியவில்லை.

ஏத்தத்தில் மூன்றிலேயே ஏறியது.
கன்டெய்னர்காரன் விளக்கு சின்னதாகிக்கொண்டே போனது.

அப்புறம்தான் ஒவ்வொன்றாய்க் கேட்க ஆரம்பித்தது.
இடது கதவில் தளர்ந்த கண்ணாடி.
ஐஸ் உருகித் தகரத்தில் விழும் சொட்டு.
டிபரென்ஷியலிலிருந்து மெல்லிசாய் ஒரு முனகல்,
அதற்கு எவ்வளவு ஆகுமோ.
பிறகு, பின்னால்,
நாலு வருஷமாய்ப் பெட்டி ஆடுகிறது என்று
நான் நினைத்துக்கொண்டிருந்த அந்தத் தட்டல்:
“மெதுவாக்கா! யக்கா! பள்ளங்க்கா!”

ஓரங்கட்டி இறங்கினேன்.
லோடுமேன் மரியநேசன்
நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு
பார்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான்.
தினமும் கத்துவியா, என்றேன்.
“தெனமும்தாங்க்கா. கேக்கலியா?”

கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் யோசித்தான்.
“அப்ப நான் திட்டுனது எதுவுமே கேக்கலியா?” என்றான்,
ரொம்ப நிம்மதியாக.