ஐஸ் கணக்கு

மண்டபம் வடக்குக் கரை ஐஸ் கம்பெனியில்
இரவு ஷிஃப்டுக்கு நான்தான் கணக்கு.
அமோனியா நெடி மூக்குக்குப் பழகி
ஏழு வருஷம்.
கடைசி விசைப்படகும் அரைத்து ஏற்றிக்கொண்டு போனபின்
மூன்று மணிவரை நாய்கூட வராது.

மேசைக்கு அடியில் ஒரு பெட்டி,
தோஹாவிலிருந்து திரும்பிய சித்தி மகன்
பாதி விலைக்குத் தந்தது.
கேமரா பார்க்கிற டிவியில் கம்பியை மாற்றிச் செருகினால்
எங்கள் துறைமுகம் அணைந்து
வேறொரு துறைமுகம் வரும்.
(பதிவு செய்கிற பெட்டி போன மழைக்கே செத்துவிட்டது.
முதலாளிக்குத் தெரியாது.)

அங்கே நான் ஒற்றைக்கண்ணன்.
மருந்துப் பெட்டிகளைத் திருடுவேன்,
பாதியை விற்பேன், மீதியைக்
காய்ச்சல் தெருவில் வைத்துவிட்டு
நன்றி சொல்ல வருகிறவளைக் கண்டபடி ஏசுவேன்.
நல்லவனா என்று ஆட்டம் சொல்லாது.
திரை ஓரத்தில் ஒரு தராசு,
முள் நடுவிலேயே கிடந்து நடுங்கும்.
எனக்குப் பிடித்தது அந்த நடுக்கம்.
கச்சான் எழும்பித் தெற்குக் கடல் கூத்தாடுகிற நாளில்
ரோட்டைத் தாண்டி வடக்கே வந்தால்
கெண்டைக்கால் நனைகிற குளம்.
இந்த ஊர்க்காரிக்கு
எது கடல் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சரி, சொல்லிவிடுகிறேன்.
பெரிய படகுக்கு நாற்பது பார் போனால்
நாற்பத்திரண்டு என்று எழுதுவேன்.
அந்த இரண்டும் வத்தைக்காரர்களுக்கு,
கடன் நோட்டில் ஏறாமல்.
எப்போதும் அப்படியில்லை.
சில மாதம் இரண்டில் ஒன்றைக் காசாக்கியிருக்கிறேன்.
மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ.
ஒருமுறை, இந்த ஆட்டத்தின் இரண்டாம் பாகம்.

தடைக்காலம் முடிந்த முதல் வாரம்
படகுக்காரர் தன் ஆளை வைத்து எண்ணிவிட்டார்.
“ஏத்துனது யாரு?” என்றார் முதலாளி.

ஆட்டத்தில் இப்படிக் கேட்டால்
கீழே மூன்று பதில் வரும்,
மேலே ஒரு கோடு ஏழு விநாடியில் தேயும்.
எதையும் அழுத்தாவிட்டால் மூன்று புள்ளி விழும்.
அதுவும் பதில்தான்,
பின்னால் வருகிற எல்லோரும்
அதை ஞாபகம் வைத்திருப்பார்கள்.

அரவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
ஏற்றினது இன்னாசி.
வத்தைகளுக்கு இறக்கிவிட்டதும் அவன்தான்,
அவனுக்கு எல்லாம் தெரியும்.
தோளில் கிடந்த சாக்கை எடுத்து
நாலாக மடித்தான்.
பிரித்து, மறுபடி மடித்தான்.
என்னைப் பார்த்தானா, தெரியவில்லை.
நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நீல மையில் நாற்பத்திரண்டு
அழகாகத்தான் இருந்தது.

இப்போது அவன் அதே படகில் கூலி.
ஐஸ் ஏற்றுகிற நாளில் அணியத்தில் நின்று
ஒவ்வொரு பாராகச் சத்தம் போட்டு எண்ணுகிறான்.
முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
நாற்பது சொல்லிவிட்டுக்
கொஞ்ச நேரம் நிற்கிறான்.
நாற்பது என்றே எழுதுகிறேன்.

வத்தைகளுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.
போன வாரம் ராயப்பனின் நகரை மீன்
வயிறு வெடித்துக் கருவாட்டுக்குப் போனது.

நேற்று ஒற்றைக்கண்ணனைப்
பழைய கட்டத்துக்கே கூட்டிப்போனேன்.
உண்மையைச் சொன்னான்: பையன் பிழைத்தான்,
காய்ச்சல் தெருவில் பாடை வந்தது.
பொய் சொன்னான்: பாடை இல்லை, பையனும் இல்லை.
மூன்றாவதைப் படிக்கும்போதே
கேட்டைத் தட்டுகிற சத்தம்.

கம்பியை மாற்றிச் செருகினேன்.
திரையில் எங்கள் துறைமுகம்,
இரவுக் கேமராவுக்குத் தெரிகிற
ஒரே சாம்பல் நிறத்தில்.
ராயப்பன் கையில் காலிப் பெட்டியோடு
அண்ணாந்து
என்னைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு
கேமராவைப் பார்க்கிறார்.
“ரெண்டு பார் இருக்குமா தாயி?”

பேனாவின் மூடியைக் கழற்றுகிறேன்.
ஆறு. ஐந்து.