பின்பக்கம் ஒரு கம்பி

எஞ்சின் ஓடுகிறது. அதில் குறை சொல்ல முடியாது.
முதல் திருகலிலேயே பிடித்து, ஒருமுறை இருமி,
பிறகு சீரான உறுமல்.
மிதியை அழுத்துகிறேன்.
புல்வெட்டும் வண்டி
அசை போட்டுப் படுத்த மாடுபோல்
இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நெப்ராஸ்காவில் ஜூன் மாதப் புல் யாருக்கும் காத்திருக்காது.
கல்லறைத் தோட்டம் மூன்று ஏக்கர்.
ஒரு வெட்டுக்கு அறுபது டாலர், பெட்ரோல் என் கணக்கு.
நாளை பத்து மணிக்கு ஹெர்மீனா வோபாட்டை அடக்கம் செய்கிறார்கள்.

ஹெர்மீனா,
புருஷன் கல்லில் ஒரு புல் துணுக்கு ஒட்டியிருந்தால்
பூசை முடிந்த கையோடு எனக்குப் போன் அடிப்பவள்.
"ஆர்லா, ப்ரோகோப்பின் இரண்டாவது ஓ
மறுபடியும் பச்சையாக இருக்கிறது."
பதினோரு வருடம்.

நேற்று வண்டியை சீடார் மரத்தடி நிழலில் விட்டதாக ஞாபகம்.
இன்று அது தண்ணீர்க் குழாயருகே நிற்கிறது.
ஐம்பத்தெட்டு வயதில்
ஞாபகத்தோடு சண்டைக்குப் போவதில்லை நான்.

பிரேக்கை விடுவித்தேன். விட்டுத்தான் இருந்தது.
இருக்கையில் இன்னும் அழுத்தி உட்கார்ந்தேன்,
ஆள் இருப்பதை நம்பவில்லையோ என்று.
ஆள் இல்லையென்றால் எஞ்சினே அணைந்துவிடும்,
தெரியும். இருந்தாலும்.

அணைத்துவிட்டு மல்லாந்து படுத்து அடியில் புகுந்தேன்.
பெல்ட்டில் ஒரு விரிசல், ஆனால் விறைப்பாகத்தான் இருந்தது.
ஸ்பிரிங் தன் கொக்கியில்.
விசிறியில் எலிக்கூடு அளவுக்குக் காய்ந்த புல்;
பிடுங்கினேன், கண்ணில் கொட்டியது.
பின்சக்கரத்தின் வளையத்தை நெம்பி,
அச்சில் செருகிய சாவியைப் பார்த்தேன்.
பெயர்தான் சாவி, ஒரு பூட்டையும் திறக்காது.
சுண்டுவிரல் நீள இரும்பு.
அது தேய்ந்துபோனால் அச்சு தன்பாட்டுக்குச் சுற்றும்,
சக்கரம் வேடிக்கை பார்க்கும்.
தேயவில்லை.
எல்லாம் சரியாக இருப்பதைப் போல் எரிச்சல் வேறில்லை.

கழற்றிய வளையம் புல்லில் விழுந்தது.
தேட முக்கால் மணி நேரம்.

மிச்சம் இருப்பது கியர்ப்பெட்டி. எழுநூறு டாலர்.
பன்னிரண்டு வெட்டு. கோடை முடிந்துவிடும்.
குப்புறப் படுத்தபடி
அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கையில்தான் கண்டேன்:
புல்லில் இரண்டு தடங்கள்.
சீடார் அடியில்
ப்ளைவுட் போட்டு மூடிய குழியின் விளிம்பிலிருந்து
நேராக என் சக்கரங்கள் வரை.
நடுவில் பூட்ஸ் நுனிகள், மண்ணைத் தோண்டித் தோண்டி.

கர்ட்.
குழி வெட்ட வந்தவன்.
சாவி என் சட்டைப்பையில், அவன் என்ன செய்வான்?
வண்டியின் பின்பக்கம்
கொக்கிக்குக் கீழே ஒரு கம்பி உண்டு.
அதை வெளியே இழுத்தால் கியர் சக்கரங்களைக் கைவிட்டுவிடும்,
குழந்தைகூடத் தள்ளலாம்.
இழுத்திருக்கிறான், தள்ளியிருக்கிறான், குழியும் வெட்டிவிட்டான்.
கம்பியை உள்ளே தட்ட மட்டும் மறந்து
வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கியிருப்பான்.

ப்ரோகோப்பின் பக்கத்தில்
அவளுக்கென்று விட்டிருந்த இடத்திலா
இத்தனை நாளும் நிழலுக்கு நிறுத்தினேன்?
போன் அடித்து அவள் இதைச் சொன்னதில்லை.
ஒரு எழுத்துக்கு அடித்தவள்.

உள்ளங்கையால் ஒரு தட்டு.
கம்பி உள்ளே போனது.
வண்டி குலுங்கிக் கிளம்பியது, ஒன்றுமே நடக்காததுபோல.

வேலிப் பக்கமிருந்து வெட்டிக்கொண்டு வந்தேன்.
ப்ளைவுட்டைச் சுற்றும்போது
புல் வீசும் வாயை மறுபக்கம் திருப்பித்தான் ஓட்டினேன்,
ஆனாலும் தெறித்தது.
ஈரத் துணுக்கு ஒன்று போய்
சொல்லிவைத்த மாதிரி அந்த ஓவில் உட்கார்ந்தது.

இறங்கவில்லை.

அடுத்த சுற்றில் இறங்கினேன்.
ஆள் இல்லையென்று எஞ்சின் தானே அணைந்தது.
கல் சூடாக இருந்தது.
நகத்தால் சுரண்டினேன்.