நாலாம் மாடி யெரெவான்

ஐந்து இடங்களைப் போனில் குறித்து வந்திருந்தேன்.
யாங்கோனில் ஸ்டைலாகக் காப்பி குடிக்க.
முதலாவது, பூட்டு.
இரண்டாவதில் யாருக்கோ கல்யாணம்.
மூன்றாவது இருந்த இடத்தில்
ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறார்கள்.
மீதி இரண்டை நானே அழித்தேன்.

திருப்பூரிலிருந்து பொத்தான் விற்க வந்தவள் நான்.
இரட்டைத் துளை, நாற்துளை, சிப்பி, கொம்பு, சிரட்டை,
அட்டையில் தைத்த நூற்றிருபது சாம்பிள்.
மூன்று பேக்டரியிலும் ஒரே பதில்:
அடுத்த மாசம் பாப்போம் அக்கா.
விமானத்துக்கு முன் ஒரு சாயங்காலம் மிச்சம்.

பேக்டரி வடமலை
(அடையாள அட்டையில் கோ நே லின்)
என் போனை எட்டிப் பார்த்து
"இந்த ஊர் வேற, எங்க ஊர் வேற" என்றான்.

அவன் கூட்டிப்போன தெருவில்
ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தொங்குகிறது,
நுனியில் காகிதம் கவ்வும் கிளிப்.
பேப்பர், மருந்து, மொஹிங்கா பொட்டலம்,
கரண்ட் இல்லாத நாளின் கரண்ட் பில்
எல்லாம் படி ஏறாமல் மேலே போகும்.
வடமலை பச்சைக் கயிற்றை இழுத்தான்.
உயரத்தில் ஆட்டுக்கழுத்து மணியொன்று சிணுங்க,
சாவி இறங்கி வந்தது,
தூண்டிலில் பட்ட கெளுத்தி மாதிரி துள்ளிக்கொண்டு.

நாலு மாடி. எழுபத்தெட்டுப் படி.
வெற்றிலைக் கறை எண்ணிக்கையில் சேராது.

போர்டு இல்லை. இரண்டே மேசை.
ஒரு சுவர் முழுக்க ரோஜா நிறம்,
அடுத்த சுவர் பாதி ரோஜா.
"பெயின்ட் விலை ஏறிப்போச்சு, நகரம் அங்கேயே நிக்குது"
என்றாள் மேபல் கரபெட்.
ஒட்ட வெட்டிய முடி, கன்னத்தில் தனகா,
லோஞ்சிக்கு மேல் ஆம்பிளைக் கோட்டு.
கடையின் பேர் யெரெவான்.
ரோஜாக் கல்லால் கட்டிய ஊராம்.
அவளுடைய முன்னோர் யாரோ ஆர்மேனியராம்.
அவள் போனதில்லை.
மாண்டலேக்கே இரண்டு தடவைதான்.

ஆப்ரிகாட் கிடைக்காத ஊரில்
மயன் பழத்தைச் சர்க்கரைப் பாகில் போட்டு
ஐஸ் இட்டுத் தந்தாள்.
அந்த ஊர் இப்படித்தான் புளிக்குமா என்று கேட்டேன்.
"யாருக்குத் தெரியும், புளிச்சா இப்படித்தான் புளிக்கணும்."

சுவரில் கரியால் ஆர்மேனிய எழுத்துகள்,
போனைப் பார்த்து எழுதியது.
கொக்கி, நாற்காலி, கவிழ்ந்த வாளி
என்று படித்து வந்தவள் நின்றேன்.
ஒன்று அச்சாக எங்கள் ப.
இன்னொன்று எங்கள் ட.
பட.
"அப்படின்னா?"
முழுசா ஒன்றுமில்லை என்றேன்.
ம் போட்டால் சித்திரம். கு போட்டால் ஓடம்.
கொம்பு வளைத்தால் இப்போது நான் ஏறி வந்தது.
ஐகாரம் போட்டால்...
வடமலை ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.
அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

கரண்ட் போனது.
யாரும் எதுவும் சொல்லவில்லை, மெழுகுவர்த்தி தானாக வந்த மாதிரி வந்தது.
அந்த வெளிச்சத்தில்தான் கவனித்தேன்:
அவள் கோட்டில் நாலு பொத்தான், நாலும் நாலு ஜாதி.
ஒன்று பித்தளை. ஒன்று பிளாஸ்டிக் பூ.
ஒன்று பொத்தானே இல்லை, சோழி.
பதினாறு வருஷத் தொழில் எனக்கு.
ஒரே செட்டாகத் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன்.
என்னை ஏற இறங்கப் பார்த்தாள்
நான் அவள் சுவருக்கு மிச்சப் பாதி பூச வந்தவள்போல.
"ஒண்ணு குடு, போதும்.
அஞ்சாவது ஓட்டை காலியா இருக்கு."
எதைக் கொடுப்பது?
நூற்றிருபதில் தேர்வு செய்ய முடியாமல்
விடைபெற்று இறங்கிவிட்டேன்.

தெருவுக்கு வந்தபின் தெரிந்தது எது என்று.
கொம்பில் கடைந்தது, நடுவில் மட்டும் தேன் கசிந்த நிறம்.
அட்டையிலிருந்து பல்லால் நூலறுத்தேன்.
காகிதத்தில் மடித்துக் கிளிப்பில் மாட்டி
இருட்டில் கயிற்றை இழுத்தேன்.
மணி அடித்தது.
பொட்டலம் ஏறியது.

மூன்றாம் மாடியில் நின்றது.

பனியன் போட்ட ஒருவர் காகிதத்தைப் பிரித்தார்.
கீழே எட்டிப் பார்த்தார்.
பிறகு பொத்தானை விரல் நுனியில் தூக்கி
அதன் துளை வழியே
எதிர்வீட்டு மெழுகுவர்த்தியைப் பார்த்தார்,
வெகு நேரம்.