மூன்றாம் வளைவு

மக்காச்சோளம் மூழ்கிச் செத்த நிலம்.
மூன்று வருடம் விதைத்தோம். மூன்று வருடமும்
காப்பீட்டுக் கம்பெனிக்கு அனுப்பிய புகைப்படம்தான் அறுவடை.
நெப்ராஸ்கா முழுக்க வெண்ணெய் மாதிரி மண்;
எங்களுக்கு வாய்த்தது
பூட்ஸைக் காலோடு கேட்கிற களி, பதினாறு ஏக்கர்.

லெலாண்ட் ஒரு பிடி எடுத்துப் பிசைந்தான்.
உருட்டினான், நசுக்கினான், நாக்கில்கூட வைத்தான்.
"சோளத்துக்குத்தான் ஆகாது. டயருக்கு ஆகும்" என்றான்.
நான் சிரிக்கவில்லை. வங்கித் தவணை
வியாழக்கிழமை.

கிரேடர் வாடகைக்கு வந்தது,
அதன் பின்னாலேயே பில்லும் வந்தது.
மூடிப்போன பள்ளிக்கூடத்து மைதானத்திலிருந்து
நான்கு விளக்குக் கம்பங்களை ஏலத்தில் எடுத்தோம்;
ஒன்றில் இன்னமும் எதிரணியின் பெயர்
கெட்ட வார்த்தையோடு கீறிக் கிடக்கிறது.
பழைய டயர் அறுநூற்றுப் பன்னிரண்டு.
எண்ணியது நான். எல்லாவற்றிலும் கொசு,
ஒன்றில் பாம்பு.

வளைவின் வெளிவிளிம்பு எவ்வளவு உயர வேண்டுமென்று
பை சுடுகிற தட்டில் தண்ணீர் ஊற்றி
மண்ணில் வைத்துப் பார்த்தோம்.
தண்ணீர் பொய் சொல்லாது. தட்டு நெளிந்திருந்தது.
அதனால்தான் மூன்றாம் வளைவு மட்டும்
மற்றதைவிட ஒரு முழம் செங்குத்து.
ஓட்டுகிறவர்கள் அதை எங்கள் திறமை என்கிறார்கள்.
மறுத்துப் பேச நாங்கள் யார்?

கவுண்டி கொடுத்த அனுமதி ஒரே பக்கம்.
சனிக்கிழமை மட்டும். இரவு பத்தரை வரை.
தூசி எல்லை தாண்டக் கூடாது.
வாசலில் ஆம்புலன்ஸ் நிற்காமல்
ஒரு சக்கரமும் உருளக் கூடாது.

தூசி என் பங்கு.
பழைய பால் டாங்கரில் தண்ணீர் நிரப்பி
மாலை நான்கு மணியிலிருந்து சுற்றுவேன்.
கூடினால் சேறு. குறைந்தால் முன்னால் போகிற காரே தெரியாது.
நடுவில் ஒரு நிறம் இருக்கிறது,
குளிப்பாட்டி அரை மணி ஆன குதிரையின் முதுகு மாதிரி.
குதிகாலை அழுத்தி எடுத்தால்
தடம் பளபளக்கும், ஒட்டாது.
யாரும் கைதட்டுகிற வேலை இல்லை.
தூசி கிளம்பினால் மட்டும்
ஒலிபெருக்கியில் என் பெயர் வரும்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆர்வில் ஸ்டானெக்.
பதினோரு புகார்க் கடிதம், எல்லாம் நீல மையில்.
தூக்கம் போயிற்று. கோழிகள் முட்டையை நிறுத்திவிட்டன.
காயப்போட்ட விரிப்பில் உங்கள் நிலம் படிகிறது.
கடைசியை மட்டும்
பொய்யென்று சொல்ல என்னால் முடியவில்லை.

ஆகஸ்டில் ஒரு சனி. அன்றைய பெரிய பந்தயம்,
பத்தொன்பது கார், எட்டாவது சுற்று.
ஜோலீன் ரேடியோவைக் காதில் அழுத்தினாள்,
கையைத் தூக்கிக் காட்டினாள்,
ஆம்புலன்ஸோடு போய்விட்டாள்.
எங்கோ தானியக் கிடங்கில் யாரோ விழுந்திருக்கிறார்கள்.
சிவப்புக் கொடி.
எஞ்சின்கள் ஒவ்வொன்றாய் அணைந்தன.

இரும்பு டிக் டிக்கென்று ஆறியது.
விளக்குக்கு மோதுகிற பூச்சி கேட்டது.
வெங்காயம் பொரிக்கிற பையன்
கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

வேலியோரம் டார்ச் வெளிச்சம்.
வீட்டுச் செருப்பு, இரவு உடுப்பு, ஆர்வில்.
"என்ன ஆச்சு? யாராவது செத்துட்டாங்களா?
திடீர்னு முழிப்பு வந்துடுச்சு."
சொன்னது
கொஞ்சம் தாமதமாகத்தான் அவர் காதிலேயே விழுந்தது.

டாங்கர் படியில் நகர்ந்து இடம் விட்டேன்.
அவர் உட்காரவில்லை. போகவும் இல்லை.

பக்கத்து ஊர் ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது
மணி பத்து இருபத்தாறு. மிச்சம் பதினேழு சுற்று.
லெலாண்ட் ஆர்விலைப் பார்த்தான்.
ஆர்வில் கடிகாரம் கட்டாத தன் மணிக்கட்டைப் பார்த்தார்.
"நான் படுக்கப் போறேன்" என்றார்.

பச்சைக் கொடி.

விழுந்தவனுக்கு இரண்டு விலா எலும்பு,
வேறொன்றுமில்லை என்று ஞாயிறு தெரிந்தது.
செவ்வாயன்று பன்னிரண்டாம் கடிதம்.
நீல மை. தூசியைப் பற்றி மட்டும்.

அடுத்த சனி, அவர் கொடிக்கயிறு இருக்கிற பக்கம்,
மூன்றாம் வளைவுக்கு
இன்னொரு டாங்கர் தண்ணீர் விட்டேன்.