கேள்விக்குறி

பேரணாம்பட்டு. பகல் இரண்டு மணி.
டிவியில் சத்தமே வைக்கவில்லை.
ஜப்பான் ஓட்டுக்கூரைமேல் குந்தியிருக்கிறான் என் நிஞ்சா,
கீழே லாந்தரோடு ஒரு காவல்காரன்.
சந்தேகம் வந்தால் அவன் தலைக்குமேல்
கேள்விக்குறி முளைக்கும்.
அசையக் கூடாது.

வாசலில் பைக் நின்றது. ஃபைனான்ஸ் குணாளன்.
"ஜரீனாம்மா!"
கதவு குலுங்குகிறது.
அம்மி அடுப்பை அணைத்துவிட்டு
துப்பட்டாவால் குக்கர் தலையை அமுக்கியபடி
அப்படியே நிற்கிறாள்.
ஷூ கம்பெனி மூடி மூன்று தவணை ஆகிறது.

காவல்காரன் முதுகைக் காட்டிவிட்டான்.
ஒரு பட்டன் போதும்.
கட்டைவிரல் வழுக்குகிறது.

அம்மியின் கை நழுவி
விசில் தெருவரைக்கும் கத்தியது.

கதவடி இடுக்கில் குணாளனின் செருப்பு.
நகரவில்லை.
பருப்பு வாசம் அவன்வரை போயிருக்கும்.
பிறகு ஃபோனில் யாரிடமோ சொல்கிறான்:
"வீடு பூட்டிக் கெடக்குது சார்.
ஆமா சார், வெளிப்பூட்டு."