வெங்காயம் அல்ல

ஒற்றைக் கம்பளிக் காலுறைக்குள்
ஐந்து துலிப் கிழங்குகள்,
ஒஸ்லோவிலிருந்து சாருமதி அனுப்பியவை.
பன்னிரண்டு கிழமை குளிர் வேணுமாம்.
திருகோணமலையில் குளிருக்கு எங்கே போவேன்?
பிரிட்ஜின் கீழ்த்தட்டில்
பாரைத் துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்து
‘வெங்காயம் அல்ல’ என்று எழுதி ஒட்டினேன்.
‘அப்ப என்ன?’ என்று
அடியில் எழுதிவைத்தார் கோகுலரமணன்.

கரண்ட் போன இரவுகளில்
வாடிக்கு ஓடி ஐஸ் வாங்கினேன்,
மீனுக்கென்று பொய் சொல்லி.

மாரி ஓய்ந்த தையில்
பெயின்ற் வாளிக்கு அடியில் ஓட்டை போட்டு
உப்புவெளி மணலை
உப்புப் போக மூன்று தரம் கழுவி
எருவோடு பிசைந்து
கூர் மேலே பார்க்க ஊன்றினேன்.

இரண்டு அழுகின.
ஒன்றை அணில் கிண்டி எடுத்தது.
ஒன்று இலையோடு நின்றுகொண்டது.
ஐந்தாவது
நாலு விரல் உயரத்தில்,
காம்பு நீளவும் பொறுமையில்லாமல்
சிவப்பாய் ஒரு கிண்ணம்.

படம் அனுப்பினேன்.
‘என்ரது இன்னும் பனிக்குக் கீழ’ என்றாள்.
பிறந்ததிலிருந்து முதல் தடவை
அக்காவை முந்தியிருந்தேன்.

மத்தியான வெயிலில்
விரிந்த இதழ்கள் பிறகு கூடவில்லை.
இவர் வெளியே வந்து
வாளிக்கு மேல் குடை பிடித்தபடி நின்றார்,
மற்றக் கையில் தேத்தண்ணி.